அகலச் சாலையா, அதிவேக ரயிலா? நாஞ்சில் நாடு விடை கேட்கிறது!

1956! அந்த ஆண்டை நாஞ்சில் நாடு மறக்காது. நவம்பர்த் திங்கள் முதல் நாள், தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு எனும் நான்கு தாலுகாக்களும் தாய்த் தமிழகத்துடன் இணைந்தன. மார்ஷல் நேசமணியின் தலைமையில் எழுந்த போராட்டம் வென்றது. 1954 ஆகஸ்டில் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானோர் சிந்திய குருதி வீண்போகவில்லை. எல்லைக்கல் நகர்ந்தது. ஆனால் இருப்புப்பாதை மட்டும் வரவில்லை!

அதே 1956-இல் அமெரிக்காவில் ஒரு சட்டம் நிறைவேறிற்று. நாடெங்கும் 41,000 மைல் நீளத்துக்கு மாபெரும் நெடுஞ்சாலைகள் அமைப்பது என்று முடிவு கட்டினார்கள். ‘ரயிலின் காலம் முடிந்துவிட்டது, இனிக் காரும் விமானமுமே கதி’ என்பது அன்றைய அறிஞர்களின் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பைப் போரில் நொறுங்கி எழுந்துகொண்டிருந்த ஜப்பான் ஏற்கவில்லை. 1959-இல் பணியைத் தொடங்கி, 1964 அக்டோபர் முதல் நாள் டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே 515 கிலோமீட்டர் நீளத்தில் புதிய ரயில் தடத்தைத் திறந்தது. மணிக்கு 210 கிலோமீட்டர் வேகம்! ஆறரை மணி நேரப் பயணம் நான்கு மணியாயிற்று. மறு ஆண்டே மூன்று மணி பத்து நிமிடமாயிற்று. அறுபது ஆண்டுகள் கடந்துவிட்டன. மோதியோ தடம் புரண்டோ ஒரு பயணியும் அந்தத் தடத்தில் உயிரிழந்ததில்லை.

அமெரிக்கா என்ன கண்டது? ஹூஸ்டன் நகரில் கேட்டி பெருஞ்சாலை என்று ஒன்று உண்டு. நெரிசல் தாளவில்லை என்று அகலப்படுத்தினார்கள். 2008-இல் சில இடங்களில் இருபத்தாறு வழி வரை விரிந்தது. அகலம் கூடியது, கூடவே கார்களும் கூடின. சில ஆண்டுகளுக்குள் அலுவலக நேரப் பயணம் முன்னைவிட நீண்டுவிட்டது! இடுப்பு பெருத்தவன் இடுப்புவாரைத் தளர்த்திக்கொண்டே போவது போன்றதுதான் இந்த வைத்தியம்.

இந்த இரண்டு பாடங்களையும் அருகருகே வைத்துக்கொண்டுதான் நம் குமரி மாவட்டத்தின் கதையைப் பார்க்க வேண்டும்.

நூற்றைந்து ஆண்டுத் தாமதம்

நெல்லைச் சீமைக்கு ரயில் வந்தது 1876-இல். செங்கோட்டை மலையைக் குடைந்து கொல்லத்துக்கு ரயில் ஓடியது 1904-இல். திருவனந்தபுரத்துக்கு 1918-இல் வந்துவிட்டது. நடுவில் கிடந்த நாகர்கோவிலுக்கு? கிழக்கே எழுபது கிலோமீட்டர் போனால் ரயில். மேற்கே எழுபது கிலோமீட்டர் போனால் ரயில். ஊரில் மட்டும் இல்லை! மாட்டு வண்டியிலும் பஸ்ஸிலும் நெல்லைக்குப் போய் ரயிலேறிய தலைமுறை ஒன்று நம் வீடுகளில் இன்றும் திண்ணையில் அமர்ந்திருக்கிறது, கேட்டுப் பாருங்கள்.

1972 செப்டம்பர் 6-ஆம் நாள் பிரதமர் இந்திரா காந்தி குமரி முனையில் பணியைத் தொடங்கிவைத்தார். அன்று நாகர்கோவில் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் பெருந்தலைவர் காமராசர். 1979 ஏப்ரலில் திருவனந்தபுரத்திலிருந்து குமரிக்கு ரயில் வந்தது. 1981 ஏப்ரல் 8-ஆம் நாள் நெல்லைக்கும் நாகர்கோவிலுக்கும் இணைப்பு ஏற்பட்டது. அதாவது, நெல்லைக்கு வந்த ரயில் ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி நாகர்கோவில் வர நூற்றைந்து ஆண்டு பிடித்தது!

வந்ததும் ஒற்றைத் தடம். எதிரே ஒரு வண்டி வந்தால் இது ஒதுங்கி நிற்கும்; அது போன பிறகுதான் இது நகரும். மதுரையிலிருந்து நாகர்கோவில் வரை இரட்டைப் பாதை முழுமை பெற்றது 2024-இல். ஒற்றை இரட்டையாக மேலும் நாற்பத்து மூன்று ஆண்டு! திருவனந்தபுரம் பக்கமுள்ள 87 கிலோமீட்டருக்கு இரட்டைப் பாதைப் பணி அதற்குப் பிறகும் இழுபறியாகவே நீண்டது.

ரயிலுக்கு இந்தக் கதி. சாலைக்கோ வேறு கதை. நான்கு வழி முடியும் முன்பே ஆறு வழிப் பேச்சு. ஆறு வழிக்கு முன்பே எட்டு வழிப் பேச்சு. சென்னை–சேலம் எட்டு வழிச் சாலைக்காக 2018-இல் வயல்களில் கல் நட்டதையும், விளைநிலத்தைக் காக்க மக்கள் கண்ணீருடன் நின்றதையும் தமிழகம் மறந்துவிடவில்லை. அதே கண்ணீர் நம் ஊரிலும் வழிந்திருக்கிறது.

குளத்தை மூடிச் சாலையா?

குமரி மாவட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 1,680 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள் 18 லட்சத்து 70 ஆயிரம் பேர். சதுர கிலோமீட்டருக்கு ஆயிரத்து நூறு பேருக்கு மேல்! மாநிலத்தில் சென்னையை அடுத்து மக்கள் நெருக்கம் மிகுந்த மாவட்டம் அன்று இதுவே. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கடல், நடுவே கிடப்பது கையகலப் பூமி. அந்தக் கையகலத்தில்தான் வீடு, வயல், வாழைத் தோட்டம், ரப்பர்த் தோட்டம், தென்னந்தோப்பு, கோயில், பள்ளிக்கூடம், சுடுகாடு எல்லாம் அடங்க வேண்டும்.

நாஞ்சில் நாட்டின் உயிர் எங்கே இருக்கிறது? குளங்களில் இருக்கிறது. பேச்சிப்பாறை அணை 1906-இல் முடிந்தது. அதற்கு முன்பே பழையாறும் பாண்டியன் காலும் குளங்களை நிறைத்தன. குளம் நிறைந்தால் ஏலா விளையும். ஏலா விளைந்தால் பத்தாயம் நிறையும். கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூவும் விளைந்த நாடு இது. அந்த வயல் இன்று வீட்டு மனையாகிறது, வாழையாகிறது, ரப்பராகிறது. எஞ்சி நிற்பதையும் நெடுஞ்சாலை குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது.

கேரள எல்லையிலிருந்து குமரி வரையிலும், நாகர்கோவிலிலிருந்து காவல்கிணறு வரையிலும் சுமார் 70 கிலோமீட்டருக்கு நான்கு வழிச் சாலை என்று திட்டம் வந்தது. நல்லது என்றுதான் மக்களும் எண்ணினார்கள். பிறகு பார்த்தால், சாலை வயல் நடுவே வருகிறது. குளத்தின் குறுக்கே வருகிறது! மேடு போட மண் வேண்டுமாம். மண் கிடைக்கவில்லை என்று ஆண்டுக் கணக்கில் வேலை முடங்கிற்று. குளத்தில் மண்ணைக் கொட்டாதே என்று விவசாயிகள் கொடி பிடித்தார்கள். நீதிமன்றப் படியும் ஏறினார்கள். சுசீந்திரம்–தேரூர் குளங்களையும் வேம்பனூர்க் குளத்தையும் உலகப் புகழ் வாய்ந்த ஈரநிலங்கள் என்று 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்த்துப் பெருமை பேசினோம். ஒரு கையால் விருது வாங்கி, மறு கையால் மண் கொட்டுவது எந்த ஊர் நியாயம்?

சாலைக்கு மண்ணும் கல்லும் எங்கிருந்து வரும்? மலையிலிருந்துதான் வர வேண்டும். மலையை உடைத்தால் மழை எங்கே தங்கும்? மழை தங்காவிட்டால் அணைக்கு நீர் எங்கே? அணை வறண்டால் குளம் எதற்கு, குளம் இல்லாவிட்டால் வயல் எதற்கு? சங்கிலியின் ஒரு கண்ணியைப் பிடித்து இழுத்தால் மற்றவை சும்மா இருக்குமா?

ஒரு சிறு கணக்கு

உணர்ச்சியை ஒதுக்கி வைப்போம். கணக்கையே பார்ப்போம்.

பதினாறு பெட்டி கொண்ட வந்தே பாரத் வண்டியில் 1,128 இருக்கைகள். அத்தனை பேரையும் பஸ்ஸில் ஏற்றினால், பஸ்ஸுக்கு ஐம்பது பேர் வீதம் இருபத்து மூன்று பஸ்கள் வேண்டும். காரில் ஏற்றினால், காருக்கு நான்கு பேர் வீதம் 282 கார்கள்! நடப்பில் காருக்கு நான்கு பேர் ஏறுவதும் இல்லை. ஒருவரும் இருவருமாகத்தான் போகிறார்கள். 282 கார்கள் பிடிக்கும் இடத்தை, ஒரு தண்டவாளத்தில் சில நொடிகளில் கடந்துபோகும் ஒரே வண்டி மிச்சப்படுத்துகிறது. நான்கு வழிச் சாலைக்கு 45 மீட்டரும் அதற்கு மேலும் அகலம் கேட்கிறார்கள். இரட்டை ரயில் பாதைக்கு அதில் பாதி கூட வேண்டாம்.

எரிபொருள் கணக்குக்கு வருவோம். கார் குடிப்பது பெட்ரோலும் டீசலும். நாட்டுக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. ரயில் ஓடுவது மின்சாரத்தில். அந்த மின்சாரம் எங்கே இருக்கிறது? ஆரல்வாய்மொழிக் கணவாயில் ரயில் நுழையும்போது சன்னலைத் திறந்து பாருங்கள்: முப்பந்தல் காற்றாலைகள் வரிசை வரிசையாகச் சுழல்கின்றன! நம் காற்றில் நம் வண்டி ஓடலாம் என்று இயற்கையே வழி காட்டுகிறது. நாமோ அரபு நாட்டு எண்ணெய்க்காக மலையை உடைத்துச் சாலை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

உயிர்க் கணக்கு எல்லாவற்றிலும் பெரிது. 2022-ஆம் ஆண்டு தமிழகத்தில் நடந்த சாலை விபத்துகள் 64,105. மாண்டவர்கள் 17,884 பேர். நாளொன்றுக்கு நாற்பத்தொன்பது பேர்! ஒரு ரயில் கவிழ்ந்து நாற்பத்தொன்பது பேர் இறந்தால் நாடே அதிர்கிறது. அமைச்சர் பதவி விலக வேண்டும் என்கிறோம். சாலையில் தினமும் அத்தனை பேர் சாகிறார்கள். மறுநாள் செய்தித்தாளின் மூலையில் நான்கு வரி, அதோடு முடிந்தது.

எந்த வேகம் நமக்கு வேண்டும்?

‘அதிவேக ரயில்’ என்று எல்லோரும் பேசுகிறார்கள். வேகத்திலும் படிகள் உண்டு. அதைப் பிரித்துப் பார்க்காமல் பேசினால் ஏமாந்துபோவோம்.

முதற்படி, இன்றைய தடத்தைச் சீர்செய்து வேகம் கூட்டுவது. 2024 ஆகஸ்டு 31-ஆம் நாள் சென்னை எழும்பூர்–நாகர்கோவில் வந்தே பாரத் தொடங்கிற்று. ஏறத்தாழ 726 கிலோமீட்டரை ஒன்பது மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகக் கடந்தது. அதாவது மணிக்குச் சராசரி 82 கிலோமீட்டர். வண்டியோ 160 கிலோமீட்டர் வேகத்தில் ஓட வல்லது, பாதைதான் விடவில்லை! பந்தயக் குதிரையை வாங்கி வரப்பில் ஓட விட்டது போல. வளைவை நிமிர்த்தி, ரயில்வே கேட்டுகளுக்குப் பதில் மேம்பாலமும் சுரங்கப் பாதையும் கட்டி, சிக்னலைப் புதுக்கினால் இரண்டு மணி நேரமாவது மிச்சமாகும்.

இரண்டாம் படி, 160 முதல் 200 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வட்டார ரயில். டில்லிக்கும் மீரட்டுக்கும் இடையே 82 கிலோமீட்டருக்கு இப்படி ஒரு தடம் அமைத்தார்கள். முதற்பகுதி 2023 அக்டோபரில் திறக்கப்பட்டது. வண்டி 160 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் தூரம் அதைவிடக் குறைவு, 71 கிலோமீட்டர்தான்! நெல்லைக்கும் ஏறத்தாழ அவ்வளவே. சராசரி நூறு கிலோமீட்டர் வேகம் கிடைத்தால் முக்கால் மணி நேரத்தில் இரு பக்கமும் போய்விடலாம்.

மூன்றாம் படி, 300 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும் புல்லட் ரயில். மும்பை–அகமதாபாத் தடம் 508 கிலோமீட்டர். தொடக்க மதிப்பீடே ஒரு லட்சத்து எட்டாயிரம் கோடி ரூபாய். கிலோமீட்டருக்கு இருநூறு கோடிக்கு மேல்! 2017 செப்டம்பரில் அடிக்கல் நாட்டியும் ஆண்டுகள் பல கடந்தன. அதே கணக்கில் சென்னை–குமரிக்கு ஒன்றரை லட்சம் கோடி வேண்டும். இதை நாளைக்கே கொடு என்று கேட்பது மேடைக்கு உதவும், மக்களுக்கு உதவாது. ஆனால் அதற்கான பாதையை இன்றே வரைந்து, நிலத்தை வீட்டு மனைகள் விழுங்கும் முன் குறித்து வைக்க வேண்டும் என்று கேட்பது நியாயம்.

நாஞ்சில் நாட்டுக்கு முதற்படி உடனே வேண்டும். இரண்டாம் படிக்கு ஆய்வு இன்றே தொடங்க வேண்டும். மூன்றாம் படிக்கு வரைபடம் தயாராக வேண்டும். இதுதான் வரிசை.

பட்டியலில் குமரி எங்கே?

2025 மார்ச்சில் தமிழக நிதிநிலை அறிக்கையில், வட்டார அதிவேக ரயிலுக்கு மூன்று தடங்களில் சாத்தியக்கூறு ஆய்வு என்று அறிவித்தார்கள். சென்னை–விழுப்புரம், சென்னை–வேலூர், கோவை–சேலம். மகிழ்ச்சி; வரவேற்கிறோம். ஆனால் மதுரைக்குத் தெற்கே ஒரு தடமும் அதில் இல்லை. புல்லட் ரயிலுக்கென 2020-இல் ஒன்றிய அரசு எடுத்துக்கொண்ட ஆய்வுப் பட்டியலில் தமிழகத்துக்குக் கிடைத்தது சென்னை–பெங்களூரு–மைசூரு. அதிலும் தெற்கு இல்லை. இந்தியாவின் வரைபடத்தில் ‘காஷ்மீர் முதல் குமரி வரை’ என்று முழங்காத தலைவர் இல்லை. முழக்கத்தில் முதலிடம், திட்டத்தில் கடைசி இடம் கூட இல்லை!

இன்னொரு வேதனையும் உண்டு. 1979 அக்டோபரில் திருவனந்தபுரம் ரயில்வே கோட்டம் அமைந்தபோது குமரி மாவட்டத்துத் தடங்கள் அதில் சேர்ந்தன. மண் தமிழகத்தில்; தண்டவாளத்தின் நிர்வாகம் அண்டை மாநிலத் தலைநகரில். அதிகாரிகள் நல்லவர்களாகவே இருக்கட்டும். தங்கள் தலைநகருக்குப் பெட்டி சேர்ப்பதா, நாகர்கோவிலுக்கு ஒரு பகல் வண்டி விடுவதா என்ற கேள்வி வந்தால் தராசு எந்தப் பக்கம் சாயும்? மதுரைக் கோட்டத்தோடு சேருங்கள் என்று மக்கள் ஆண்டாண்டாகக் கேட்டு வந்தது இதனால்தான்.

மாற்றார் கேட்கும் கேள்விகள்

‘ரயிலுக்கும் நிலம் வேண்டாமா? கேரளத்தில் என்ன நடந்தது?’ என்பர் சிலர். நியாயமான கேள்வி. திருவனந்தபுரம்–காசர்கோடு 530 கிலோமீட்டருக்கு, 200 கிலோமீட்டர் வேகத்தில், சுமார் 64,000 கோடி ரூபாயில் சில்வர்லைன் என்று திட்டம் தீட்டினார்கள். 2022-இல் மஞ்சள் கல் நடப் போன இடமெல்லாம் மக்கள் எதிர்த்து நின்றார்கள். ஒன்றிய அரசின் ஒப்புதலும் கிடைக்காமல் திட்டம் முடங்கிற்று. காரணம் என்ன? நெடுந்தூரத்துக்கு மண்மேடு எழுப்பினால் வெள்ளம் எங்கே வடியும் என்று மக்கள் கேட்டார்கள். விளக்கம் போதும் முன்பே வீட்டு முற்றத்தில் கல் வந்துவிட்டது. ரயில் மீது மக்களுக்குக் கோபம் இல்லை. தங்களைக் கேளாமல் வந்த கல் மீதுதான் கோபம்.

மண்மேடுக்கு மாற்று இல்லையா? நம் ஊரிலேயே இருக்கிறது! 1960-களில் எழுந்த மாத்தூர்த் தொட்டிப்பாலத்தைப் பாருங்கள். பரளியாற்றுப் பள்ளத்தாக்கின் குறுக்கே மண் கொட்டவில்லை, ஆற்றை மறிக்கவில்லை. 115 அடி உயரத்துக்குத் தூண்களை நிறுத்தி, ஒரு மலையிலிருந்து மறு மலைக்கு நீரைக் கொண்டுபோனார்கள். கீழே ஆறும் ஓடுகிறது. மேலே காலும் ஓடுகிறது. மும்பை–அகமதாபாத் தடத்திலும் பெரும்பகுதி தூண்களின் மேல்தான். குளத்துக்கு மேலே தூணில் ரயில் போகட்டும். குளத்துக்குள் மண் போக வேண்டாம்!

‘செலவு அதிகமாகுமே?’ ஆகும். மறுக்கவில்லை. மூடிய குளத்தின் விலையையும், உடைந்த மலையின் விலையையும், ஆண்டுக்குப் பதினேழாயிரம் பிணங்களின் விலையையும் சாலைக் கணக்கில் எழுதினீர்களா? எழுதிவிட்டு வாருங்கள், பிறகு ஒப்பிடுவோம்.

‘வேக ரயில் பணக்காரனுக்குத்தானே?’ இந்தக் கேள்வி நம் நெஞ்சைத் தைக்கிறது. வந்தே பாரத்தின் கட்டணம் கொத்தனாருக்கும் மீனவருக்கும் எட்டாது என்பது உண்மை. ஆகவே வேகம் மட்டும் கேட்டால் போதாது. அதே தடத்தில் முன்பதிவில்லாப் பெட்டிகளும், குறுகிய தூர வண்டிகளும், இரவு வண்டிகளும் கூட வேண்டும் என்பதைத் திட்டத்திலேயே எழுத வேண்டும். பிணியாளி ஒருவர் குழித்துறையிலிருந்து திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரிக்கோ புற்றுநோய் மையத்துக்கோ போகிறார். விடியுமுன் புறப்பட்டு, எதிர் வண்டிக்காக வழியில் நின்று, வெயிலேறிய பிறகு போய்ச் சேர்ந்து, சீட்டு வாங்கி, இரவில் வீடு திரும்புகிறார். அவருக்கு அரை மணி மிச்சமானால் அது ஆடம்பரமா? தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அறுபது நாள் முன்பே முன்பதிவு திறந்த சில நிமிடங்களில் இடம் தீர்ந்துபோகிறது. சென்னையில் வேலை பார்க்கும் பிள்ளை தனியார் ஆம்னி பஸ்ஸுக்குப் பல மடங்கு பணம் கொட்டி, இரவெல்லாம் விழித்து ஊர் வருகிறான். அவன் கேட்பது சொகுசா, உரிமையா?

‘அப்படியானால் சாலையே வேண்டாமா?’ யார் சொன்னது? தோவாளைப் பூ சந்தைக்குப் போக வேண்டும். குளச்சல் மீன் வெயிலேறும் முன் போக வேண்டும். மலையோரத்து ஊருக்கு ஆம்புலன்ஸ் ஏற வேண்டும். இருக்கும் சாலையைச் செப்பனிடுங்கள், குழியை மூடுங்கள், தொடங்கிய நான்கு வழியைக் குளத்தை மூடாமல் முடியுங்கள். அதற்கு மேல் ஆறு வழி, எட்டு வழி என்று வரும்போது மட்டும், ‘அந்தப் பயணிகளை ரயிலில் ஏற்ற முடியாதா?’ என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். அதைத்தான் கேட்கிறோம்.

நாம் கேட்பது ஐந்து

ஒன்று: நாகர்கோவில்–திருவனந்தபுரம் இரட்டைப் பாதைக்கு நாள் குறித்து முடிக்க வேண்டும். 

இரண்டு: சென்னை–நாகர்கோவில் தடம் முழுவதையும் 160 கிலோமீட்டர் வேகத்துக்கு உயர்த்தும் திட்டத்தை ஆண்டுவாரியாக அறிவிக்க வேண்டும். 

மூன்று: மதுரை–நெல்லை–நாகர்கோவில்–திருவனந்தபுரம் வட்டார அதிவேக ரயிலுக்கு இரு மாநிலங்களும் ஒன்றிய அரசும் சேர்ந்து ஆய்வு நடத்த வேண்டும். 

நான்கு: எந்த நெடுஞ்சாலை விரிவுக்கும் முன்பாக, அதே பணத்தில் ரயில் என்ன செய்யும் என்ற ஒப்பீட்டைத் தமிழில் அச்சிட்டு ஊராட்சிதோறும் வைக்க வேண்டும். 

ஐந்து: கல் நடும் முன் கருத்துக் கேட்க வேண்டும்; நட்ட பிறகு அல்ல.

இவை வானத்து நிலவைக் கேட்கும் கோரிக்கைகள் அல்ல. ஒருமுறை நாஞ்சில் நாடு நூற்றைந்து ஆண்டு காத்திருந்தது. மறுமுறை இரட்டைப் பாதைக்கு நாற்பத்து மூன்று ஆண்டு காத்திருந்தது. மூன்றாம் முறையும் பொறுமையாகக் காத்திருந்தால், ரயில் வரும் நாளில் அதன் சன்னல் வழியே பார்க்க வயல் இருக்குமா, குளம் இருக்குமா, மலைதான் இருக்குமா?

எல்லைக்கல்லை நகர்த்திய மக்கள் இவர்கள். தண்டவாளத்தை நகர்த்த முடியாதா? முடியும். கேட்க வேண்டிய இடத்தில், கேட்க வேண்டிய குரலில் கேட்டால் முடியும். கேட்போம்!